சென்னை முறை கண்ட பெல் ஐயர்

காலம் எல்லார்க்கும் ஒரே மரக்காலால் அளந்து தரப்படும் நெல்லை ஒக்கும். அதனை விதைத்துப் பயன்கொள்வாரும் உளர். வழியிற் சிந்திவிட்டு வெறுங்கையராய் வீடு திரும்புவாரும் உளர். ஒரு வகுப்பைக் குறித்த நேரத்துள் நடத்தி முடிக்கவேண்டிய ஆசிரியர் இவ்வுண்மையை நாள்தோறும் உணர்வர்.

சென்ற கோடை விடுமுறையில் யாம் தேனி மாவட்டத்து ஜெயமங்கலத்தில் தங்கியிருந்தபொழுது, சிறார் முப்பதின்மரை வேப்பமரத்தடியிற் கூட்டி, நாளும் ஒரு மணி நேரம் எழுத்துப் பயிற்றப் புகுந்தோம். ஒவ்வொருவராக அழைத்துப் பாடங் கேட்கலாயினோம். பத்தாம் சிறுவன் எழுந்து வருமுன் நேரம் முடிந்தது. எஞ்சியோர் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தனர். மறுநாள், ஐந்தாம் வகுப்பிற் பயிலும் சிறுமி ஒருத்தி, யாம் ஏவாமலே இளையோர் நால்வரைத் தனியே அழைத்துச்சென்று, அம்மண்ணிலேயே விரலால் எழுதிக் காட்டினாள். எம்மால் முடிக்கவொண்ணாத பாடத்தை அவள் முடித்தாள். இதே காட்சியைச் சென்னையிற் கண்டு, அதனைக் கடல்கடந்த நாடுகட்கும் கொண்டுசென்ற ஆண்ட்ரூ பெல் ஐயரின் சரிதம் அப்பொழுது எம் நினைவில் எழுந்தது.

பெல் ஐயர் 1753-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில், முடிதிருத்துந் தொழிலினர் ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். அந்நகர்ச் சர்வகலாசாலையிற் கற்று, அமெரிக்காவின் வர்ஜீனியாவிற் சில்லாண்டு ஆசிரியராயிருந்து மீண்டு, இங்கிலாந்துத் திருச்சபையிற் குருப்பட்டம் பெற்றார். 1787-இல் இந்தியா வந்த அவர், 1789-இல் சென்னை எழும்பூரில் நிறுவப்பெற்ற ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையை ஏற்றார். ஆங்கிலப் படைவீரரின் ஆதரவற்ற புதல்வரே அங்கு வளர்ந்தனர். அப்பணிக்கு அவர் ஊதியம் பெற்றிலர். எனினும் படைக்குருப் பதவிகள் பலவற்றை ஒருங்கே வகித்துப் பெரும்பொருள் ஈட்டினார் என்பதையும் மறைத்தல் தகாது.

விடுதியில் ஆசிரியர் சிலரே. அவரும் ஊக்கங் குன்றியவர். எழுத்துக்களை அறியவே சிறுவர்க்கு நெடுங்காலம் சென்றது. ஒரு நாட் காலை பெல் ஐயர் குதிரைமீது சென்றவிடத்து, தமிழ்ப் பள்ளியொன்றில் சிறுவர் நிலத்தமர்ந்து மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். காகிதச் செலவில்லை, எழுதுகோல் தேடும் தாமதமில்லை, பிழையைக் கையால் அழித்து அந்நொடியே மீண்டும் எழுதலாம். தம் ஆசிரியரை அவ்வாறே கற்பிக்கப் பணித்தார். அவரோ அஃது இயலாதென மறுத்தனர். ஐயர் தளராது, ஜான் பிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்துக் கடைவகுப்பை அவனிடம் ஒப்புவித்தார். பெரியோர் இயலாதென்றதை அச்சிறுவன் செய்து காட்டினான்.

நம் திண்ணைப்பள்ளிச் சட்டாம்பிள்ளையை அறிந்தார்க்கு இதில் வியப்பொன்றுமில்லை. ஐயரின் திறம் அவ்வழக்கத்தை ஒழுங்கான ஏற்பாடாக அமைத்ததிலேயே உள்ளது. ஆசிரியர் ஒருவர் ஐம்பதின்மரைத் தனித்தனியே கேட்பின், ஒரு மணி நேரத்தில் ஒருவனுக்குக் கிடைப்பது ஒரு நிமிடத்திற்குச் சற்றே மிகுதி; ஏனைய நேரமெல்லாம் அவன் வாளா இருப்பான். மூத்த மாணவர் சிறு குழுக்களை நடத்தினாலோ, ஒரே வேளையில் அனைவரும் உழைப்பர். ஐயர் பாடத்தைச் சிறுசிறு கூறுகளாக்கினார். ஒன்றை முற்றக் கற்றபின்னரே அடுத்ததற்குச் செல்லவேண்டுமென விதித்தார். அன்றன்று கற்ற அளவைப் பதிவேட்டில் எழுதுவித்தார். சென்ற நேரத்திற்கு அவ்வேடு கணக்குச் சொல்லிற்று. பிரம்பினும், வகுப்பில் இடம் ஏறுவதும் இறங்குவதுமே ஊக்கமளிக்கும் என அவர் கருதினார்.

1796-இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டு தம் பரிசோதனையை நூலாக வெளியிட்டார். அது சென்னை முறை எனப் பெயர்பெற்றது. இலண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் இதனையொத்த முறையை நடத்தினார். முறையை முதலிற் கண்டவர் யாவர் என இருசாராரும் நெடுநாள் பூசலிட்டனர். 1811-இல் ஏழைகளின் கல்விக்கென ஆங்கிலத் திருச்சபையினர் தேசிய சங்கத்தை நிறுவி, ஐயரின் முறையைத் தழுவினர். 1832-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் அவர் செல்டனாமில் காலமானபோது, அம்முறையைப் பின்பற்றிய பள்ளிகள் 12,000 அளவில் இருந்தன என்பர். அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றது. 1,20,000 பவுன் அளவான செல்வத்தைக் கல்விக்கே விட்டுச்சென்றார். அவர் பிறந்த நகரில் 1833-இல் தோன்றிய பள்ளி இன்றும் சென்னையின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

குறைகளும் உள. ஏழைச் சிறார் அனைவர்க்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தல் வேண்டுவதன்று என ஐயர் ஒருகால் எழுதினார். மேலும், தான் முழுதுணராத சிறுவன் பிறர்க்கு உணர்த்துவது எங்ஙனம்? பல பள்ளிகளில் நேரம் மிஞ்சிற்று, பொருள் மிஞ்சவில்லை, கிளிப்பாடமே எஞ்சிற்று. ஆதலின் 1846 முதல் இங்கிலாந்தில், ஐந்தாண்டுப் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் ஏற்பாடு வந்து அம்முறையைப் பெயர்த்தது.

ஆகவே நேரத்தை மிச்சப்படுத்துதல் மட்டும் போதாது. மிஞ்சியதை எவன்பொருட்டுச் செலவிடுகின்றோம் என்பதே வினா. எம்மிற் பலர் நாளை ஆசிரியராகக் கூடும். மணலை முதலிற் பரப்பிய தமிழாசிரியரின் பெயர் வரலாற்றில் இடம்பெறவில்லை. ஆயினும் அவர் நமக்கு முன்னோர். ஜெயமங்கலத்தில் யாமும் சிறாரைக் குழுக்களாக வகுத்து, அச்சிறுமியையும் மூத்தோர் நால்வரையும் தலைவராக்கினோம். பாடம் உரிய வேளைக்குக் கால் மணி முன்னரே முடிந்தது. அக்கால் மணி நேரத்தை, எழுத்து இன்னும் கைவராமல் ஒதுங்கியிருந்த கடைசிச் சிறுவனின் அருகமர்ந்து கழித்தோம். விடுமுறை முழுவதிலும் யாம் வீணாக்காத நேரம் அஃதொன்றே என்று இன்று எண்ணுகின்றோம்.