வாத்ஸ்லாவ்: ஒரு பெயரின் வரலாறு

ஐரோப்பாவின் நடுவே, மலைகள் சூழ்ந்த பொஹீமியா நாட்டில், கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரச குடும்பத்தில் இரண்டு ஆண்மக்கள் பிறந்தனர். மூத்தவனுக்கு வாத்ஸ்லாவ் என்றும் இளையவனுக்குப் போலெஸ்லாவ் என்றும் பெயரிட்டனர். ஒலியால் வேறுபட்டாலும் இவ்விரு பெயர்களுக்கும் பொருள் ஒன்றே. மிகுந்த புகழ் உடையவன் என்பதே அது. ஒரே வாழ்த்தை இருவேறு சொற்களால் தம் மக்கள் இருவருக்கும் வழங்கினர் பெற்றோர். பின்னாளில் அவ்விருவருள் ஒருவன் மற்றவனைக் கொலை செய்வித்தான்.

ஸ்லாவிய மக்களின் பழம்பெயர்கள் பல, இரு சொற்கள் இணைந்த தொகைகளாக அமைந்தவை. ‘ஸ்லாவா’ என்றால் புகழ். அதன் முன்னே மிகுதியைக் குறிக்கும் சொல் சேர்ந்து ‘வென்செஸ்லாவ்’ என நின்ற பழைய பெயர், செக் மக்களின் நாவில் தேய்ந்து வாத்ஸ்லாவ் ஆயிற்று. ஜெர்மானியர் அதனை வென்சல் என்றனர். ரஷ்யர் வியச்செஸ்லாவ் என்றனர். ஆங்கிலேயர் இலத்தீன் வடிவத்தையொட்டி வென்செஸ்லாஸ் என்றனர். போலெஸ்லாவ் என்பதில் உள்ள ‘போலெ’ என்பதும் மிகுதியைக் குறிப்பதே. மேலும் என்னும் பொருளில் ‘போலெயே’ என்ற சொல்லை ரஷ்யர் இன்றும் வழங்குகின்றனர்.

‘ஸ்லாவா’ என்னும் சொல்லின் வேர் நமக்கு முற்றிலும் அயலானதன்று. கேட்டல் என்று பொருள்படும் மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து அது பிறந்தது; வடமொழியில் புகழைக் குறிக்கும் ‘சிரவசு’ என்பதும், நாம் நன்கறிந்த ‘சிரவணம்’ என்பதும் அதே வேரினின்று கிளைத்தவையே என்பர் மொழிநூலார். புகழ் என்பது பிறர் செவியில் விழுவது என்று அம்மக்கள் கருதினர் போலும். இவ்வுடன்பிறந்தாரின் வரலாற்றைப் படிக்குங்கால் இவ்வேர்ப்பொருளை மறவாமை நன்று.

வாத்ஸ்லாவ் பிறந்தது ஏறத்தாழ கி.பி. 907இல். பாட்டி லுத்மிலா, அப்பெயருக்கு மக்களின் அன்புக்குரியவள் என்று பொருள். தாய் திரஹோமீரா, அருமை, அமைதி என்னும் இரு சொற்கள் சேர்ந்த பெயர் அவளுடையது. ஆனால் அவ்வீட்டில் அமைதிதான் இல்லை. 921இல் தந்தை விரத்திஸ்லாவ் இறந்தபோது வாத்ஸ்லாவ் பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவன். ஆட்சிப் பொறுப்பைத் தாய் ஏற்றாள். சிறுவனை வளர்த்துக் கல்வி தந்தவளோ கிறித்தவ நெறியில் ஊன்றி நின்ற பாட்டி. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே மூண்ட பகை, அரியணைப் பகையாகவே முற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தெத்தீன் கோட்டையில் லுத்மிலா கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டாள். ஏவியவள் மருமகளே என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன.

சில ஆண்டுகளில் வாத்ஸ்லாவ் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். தாயை நாட்டைவிட்டு அகற்றினான். பின்னர் மனமிரங்கித் திரும்ப அழைத்துக்கொண்டான். பாட்டியின் உடலைப் பிராக் நகருக்குக் கொணர்ந்து சிறப்புச் செய்தான். இரவில் யாருமறியாமல் வயலுக்குச் சென்று கதிரறுத்துத் தேவாலயத்துக்கு அப்பம் செய்தான் என்றும், ஏழைகளுக்கு விறகு சுமந்தான் என்றும் கதைகள் பல உண்டு. அவற்றையெல்லாம் வரலாறாகக் கொள்வதற்கில்லை. மக்கள் அவனை எவ்வாறு நினைக்க விரும்பினர் என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம். 1853இல் வெளியான ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாடல் ஒன்று அவனை நல்ல அரசன் என்று உலகமெங்கும் அறிமுகப்படுத்தியது. உண்மையில் அவன் முடிசூடிய அரசனல்லன்; பொஹீமியாவின் கோமகன் மட்டுமே.

அவனது ஆட்சியின் பெருஞ்சோதனை 929இல் வந்தது. ஜெர்மானிய அரசன் ஹென்றி பெரும்படையுடன் பிராக் நகர்மீது வந்தான். எதிர்த்து நின்றால் நாடு அழியும். பணிந்தால் மானம் குன்றும். வாத்ஸ்லாவ் பணிந்து திறை செலுத்த உடன்பட்டான். நாடு தப்பியது. ஹென்றியிடமிருந்து புனித விட்டஸ் என்பாரின் கை எலும்பைப் பெற்று, அதற்கெனப் பிராக் கோட்டையில் வட்ட வடிவத் தேவாலயம் ஒன்றையும் எழுப்பினான். இன்று அவ்விடத்தில் வானளாவி நிற்கும் பேராலயத்துக்கு அதுவே தொடக்கம்.

இப்பணிவு இளையவன் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்கலாம். 935ஆம் ஆண்டு (929 என்பாரும் உளர்) செப்டம்பரில் ஒரு திருவிழாவுக்கென அண்ணனைத் தன் கோட்டைக்கு அழைத்தான் போலெஸ்லாவ். விருந்து நடந்தது. மறுநாள் 28ஆம் நாள் விடியலில் வழிபாட்டுக்குச் சென்றவனை வழியில் மறித்து வாளோங்கினான் தம்பி. வாத்ஸ்லாவ் வலியவன், தம்பியைக் கீழே தள்ளினான், ஆனால் கொல்ல மனம் வரவில்லை. அதற்குள் தம்பியின் ஆட்கள் பாய்ந்துவர, ஆலயத்தை நோக்கி ஓடியவன் அதன் வாயிலிலேயே வெட்டுண்டு வீழ்ந்தான்.

இங்கே போலெஸ்லாவைக் கொடியவன் என்று சொல்லி நகர்ந்துவிடுதல் எளிது. வரலாறும் அவனைக் கொடியவன் போலெஸ்லாவ் என்றே அழைக்கிறது. ஆயினும் அவன் திறமையைப் புறக்கணிப்பது முறையாகாது. திறை கொடுப்பதை நிறுத்தி, ஹென்றியின் மகன் ஆட்டோவுடன் 936 முதல் 950 வரை பதினான்கு ஆண்டுகள் போரிட்டான். முடிவில் அவனும் பணிய வேண்டியதாயிற்று. அண்ணன் ஓராண்டில் செய்ததைத் தம்பி பதினான்கு ஆண்டு போரிட்டபின் செய்தான் என்றால் மிகையாகாது. அதன்பின் நாட்டின் எல்லையை விரித்தான்; அந்நாட்டின் முதல் வெள்ளிக் காசுகள் அவன் காலத்தவை. அவன் மகள் தோப்ராவா போலந்து நாட்டு மன்னனை 965இல் மணந்தாள். தன் மகனுக்குத் தந்தையின் பெயரையே சூட்டினாள். அம்மகனே 1025இல் போலந்தின் முதல் அரசனாக முடிசூடிய போலெஸ்வாவ். கொலையாளியின் பெயர் அண்டை நாட்டில் அரியணை ஏறிற்று!

அண்ணனின் பெயரோ வேறு வழியில் வளர்ந்தது. மக்கள் அவனைப் புனிதனாகப் போற்றத் தொடங்கவே, போலெஸ்லாவே அண்ணனின் உடலைப் பிராக் நகருக்குக் கொண்டுவரச் செய்தான். பின்னர் பொஹீமிய அரசர்கள் தம் பிள்ளைகளுக்கு அப்பெயரை விரும்பிச் சூட்டினர். பெயர் காவலாக நின்றதில்லை. அவ்வழியின் கடைசி அரசனான மூன்றாம் வாத்ஸ்லாவ் 1306இல் ஒலமோட்ஸ் நகரில் கொலையுண்டான். அவன் தங்கை எலிஷ்காவின் மகனுக்கும் 1316இல் வாத்ஸ்லாவ் என்றே பெயரிட்டனர். பிரெஞ்சு அரண்மனையில் வளர்ந்தபோது அச்சிறுவன் சார்லஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டான். அவனே புகழ்பெற்ற பேரரசன் நான்காம் சார்லஸ். விட்ட பெயரை அவன் மறக்கவில்லை. தான் செய்வித்த மணிமுடிக்குப் புனித வாத்ஸ்லாவின் பெயரைச் சூட்டி, அது அப்புனிதனின் மண்டையோட்டின்மீதே வைக்கப்பட வேண்டும் என்றும், முடிசூட்டு நாளில் மட்டுமே அரசர் அதனை அணியலாம் என்றும் விதித்தான். தன் மகனுக்கும் வாத்ஸ்லாவ் என்றே பெயரிட்டான்.

பிராக் நகரின் பழைய குதிரைச் சந்தைக்கு 1848இல் வாத்ஸ்லாவ் சதுக்கம் என்று பெயர் சூட்டினர். 1989இல் இலட்சக்கணக்கான மக்கள் அங்குக் கூடி ஆட்சி மாற்றம் கோரினர். அவ்வாண்டின் இறுதியில் குடியரசுத் தலைவரான நாடக ஆசிரியர் ஹாவெலின் முற்பெயரும் வாத்ஸ்லாவ்தான். செப்டம்பர் 28 இன்று செக் நாட்டின் அரசு விடுமுறை நாள். அன்று மக்கள் அவன் உயிர்நீத்த ஊருக்குத் திருப்பயணம் செல்கின்றனர். அவ்வூரின் பெயர் ஸ்தாரா போலெஸ்லாவ். தம்பியின் பெயரால் அமைந்த கோட்டையூர் அது.