வயலினும் தூரிகையும்: ஓவியர் போல் க்ளேயின் வாழ்க்கை

இருபதாம் நூற்றாண்டின் ஓவியர்களைப் பற்றிப் பேசும்போது தவறாமல் வரும் பெயர்களுள் ஒன்று போல் க்ளே. தமது அறுபது வருட வாழ்நாளில் 9000 இற்கும் மேற்பட்ட படைப்புகளை உலகுக்குத் தந்து சென்றவர் அவர். ஆனால் அவருடைய கையில் முதன்முதலாக முறைப்படி பயிற்சி பெற்ற கருவி வயலின் ஆகும். இசைக் குடும்பத்தில் பிறந்து, இசைக் கலைஞனாக வருவான் என்று எல்லோராலும் எதிர்பார்க்கப்பட்ட ஒரு சிறுவன் ஓவியனானான். அவன் விட்டுவந்த இசை அவனை விடவில்லை. ஒருவர் உயிராய் நேசித்த ஒன்றைத் தொழிலாகத் தேர்ந்தெடுக்காமல் போனால் அந்த நேசம் வீணாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு க்ளேயின் வாழ்க்கை அழகான விடையொன்றைத் தருகிறது.

போல் க்ளே 1879 டிசம்பர் 18 ஆம் திகதி, சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை ஹான்ஸ் க்ளே ஜேர்மனி நாட்டவர். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையொன்றில் இசை கற்பித்தவர். தாய் ஈடா சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர். முறைப்படி பயின்ற பாடகி. இப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்கு இசை தாய்மொழி போலவே வந்து சேர்ந்தது. ஏழு வயதில் வயலின் கற்கத் தொடங்கினார். பதினொரு வயதிலேயே பேர்ன் நகர இசைச் சங்கத்தின் கச்சேரிகளில் பெரியவர்களோடு அமர்ந்து வாசிக்க அழைக்கப்பட்டார்.

இதே காலத்தில் இன்னொரு விருப்பமும் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தது. சின்னஞ்சிறு வயதில் பாட்டி கொடுத்த வர்ணக் கட்டிகளால் படம் கீறப் பழகியவர் அவர். பாடசாலைக் காலத்தில் அவருடைய பாடப் புத்தகங்களினதும் அப்பியாசக் கொப்பிகளினதும் ஓரங்கள் முழுவதும் சித்திரங்களால் நிறைந்திருந்தன. இதனால் படிப்பில் பெரிதாகச் சோபிக்கவில்லை. சித்தியடையப் போதுமான அளவு புள்ளிகளோடு 1898 இல் பாடசாலைக் கல்வியை முடித்தார்.

அப்போது அவர் முன்னே இரண்டு பாதைகள் இருந்தன. ஒன்று, தேர்ச்சி பெற்ற வயலின். மற்றையது, இன்னும் தேர்ச்சி பெறாத ஓவியம். பெற்றோரின் விருப்பம் இயல்பாகவே முதலாவதன் பக்கம் சாய்ந்தது. க்ளேயோ இரண்டாவதைத் தெரிவு செய்தார். அதற்கு அவரிடம் காரணமும் இருந்தது. பாஹ், மொஸார்ட் போன்ற மேதைகளின் காலத்திலேயே இசை தன் உச்சத்தைத் தொட்டுவிட்டது என்று அவர் எண்ணினார். இசையில் தாம் சிறந்த வாசிப்பாளராக வரலாமே தவிர, புதிதாக எதையும் படைக்க முடியாது என்றும், ஓவியத்திலேயே இன்னும் எவரும் தொடாத இடங்கள் மீதமிருக்கின்றன என்றும் உணர்ந்தார். பெற்றோருக்கு இது ஏமாற்றமே. ஆயினும் மகனின் முடிவைத் தடுக்கவில்லை. ஜேர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று ஓவியம் பயில அவருக்கு உதவினார்கள். அந்தப் பெற்றோர் தமது ஏமாற்றத்தை மகனின் காலில் விலங்காகப் பூட்டியிருந்தால் க்ளே என்ற ஓவியரை இன்று உலகம் அறிந்திருக்காது.

மியூனிக்கிலும் இசை அவரைத் தேடி வந்தது. அங்கே ஓர் இசை நிகழ்வில் லிலி ஸ்டும்ப் என்ற பியானோக் கலைஞரைச் சந்தித்தார். 1906 இல் இருவரும் திருமணம் செய்துகொண்டனர். அதற்கு முந்திய சில வருடங்கள் பெற்றோருடன் பேர்னில் தங்கியிருந்த க்ளே, நகர இசைக்குழுவில் வயலின் வாசித்துச் சிறிது வருமானம் தேடினார். திருமணத்தின் பின் குடும்பச் செலவைச் சுமந்தவர் லிலி. அவர் பியானோ கற்பித்துப் பணம் ஈட்ட, க்ளே வீட்டில் இருந்து சமைத்தார். 1907 இல் பிறந்த மகன் ஃபீலிக்ஸைப் பராமரித்தார். கிடைத்த நேரத்தில் சமையலறையிலேயே படம் வரைந்தார். நூறு வருடங்களுக்கு முந்திய ஐரோப்பாவில் இப்படியொரு குடும்பம் அபூர்வமானது. ஓர் ஓவியரின் வெற்றிக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பத்து விரல்கள் பியானோக் கட்டைகளில் ஓயாமல் உழைத்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

இக்காலத்தில் க்ளேக்கு ஒரு பெரிய குறை இருந்தது. கோடுகளில் அவருக்கு நல்ல ஆற்றல். வர்ணங்களோ அவருக்குக் கட்டுப்படவில்லை. முப்பது வயது தாண்டியும் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே வரைந்துகொண்டிருந்தார். 1911 ஆம் ஆண்டளவில் ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கியினதும், ஃப்ரான்ஸ் மார்க், ஓகஸ்ட் மாக்க ஆகியோரினதும் நட்புக் கிடைத்தது. வர்ணத்தைத் துணிந்து கையாண்ட இந்த நண்பர்கள் அவருக்கு உற்சாகம் ஊட்டினர். எனினும் வர்ணம் அவருக்கு வசப்பட்டது ஐரோப்பாவில் அல்ல. ஒரு முஸ்லிம் நாட்டில்.

1914 ஏப்ரல் மாதம் க்ளே, ஓகஸ்ட் மாக்க, லூயி முவாலியே என்ற மூன்று நண்பர்களும் கப்பலேறி வட ஆபிரிக்காவிலுள்ள துனீசியாவுக்குச் சென்றனர். துனிஸ், ஹம்மாமத் ஆகிய நகரங்களைப் பார்த்துவிட்டுக் கைரவானை அடைந்தனர். கி.பி. 670 இல் உக்பா இப்னு நாஃபிஃ அவர்களால் நிறுவப்பட்ட, இஸ்லாமிய உலகின் புகழ்பெற்ற நகரங்களுள் ஒன்று கைரவான். வெண்மதில்கள், குப்பாக்கள், மினாராக்கள், பெரிய பள்ளிவாசல், அவற்றின்மேல் நேரத்துக்கு நேரம் நிறம் மாறும் வெயில். இவை எல்லாவற்றையும் பார்த்த க்ளேக்கு, இத்தனை வருடம் தான் துரத்திய வர்ணம் தானாகவே வந்து தன்னைப் பற்றிக்கொண்டதாகத் தோன்றியது. தானும் ஓர் ஓவியன்தான் என்ற நிச்சயம் அங்குதான் தனக்குக் கிடைத்தது என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். கிடைத்த செல்வத்தைச் சுமந்து செல்பவர் போல, நண்பர்களுக்கு முன்னதாகவே ஊர் திரும்பினார். பயணம் முழுவதும் சுமார் இரண்டு வாரங்கள்தான்.

அங்கு அவர் வரைந்த நீர்வர்ண ஓவியங்களைப் பார்த்தால் இசை எங்கே வந்து சேர்ந்தது என்பது விளங்கும். பள்ளிவாசலையும் தோட்டத்தையும் அப்படியே பிரதி செய்யாமல், காட்சியைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வர்ணம் கொடுத்தார். ஒரு ஸ்வரம் தனியே நின்றால் வெறும் ஒலி. பக்கத்து ஸ்வரத்தோடு சேரும்போதே அது இசையாகிறது. வர்ணமும் அவ்வாறே என்பதை அவர் கண்டுகொண்டார்.

அதே வருடம் முதலாம் உலக யுத்தம் மூண்டது. பயணத்தில் கூடவந்த மாக்க சில மாதங்களிலேயே போர்முனையில் உயிரிழந்தார். 1916 இல் மார்க்கும் மடிந்தார். க்ளேயும் ஜேர்மன் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். நல்லவேளையாக அவருக்கு விமானங்களுக்கு வர்ணம் பூசும் வேலையும் அலுவலக வேலையுமே கிடைத்தன.

யுத்தத்தின் பின், 1921 முதல் பத்து வருடங்கள் ஜேர்மனியின் புகழ்பெற்ற கலைக் கல்லூரியான பௌஹவுஸில் கற்பித்தார். இசையும் ஓவியமும் அவரிடம் முழுமையாக ஒன்றுகலந்த காலம் இது. மூன்று குரல்களுக்கான பாஹின் இசைப் பகுதியொன்றை எடுத்து, அதன் ஏற்ற இறக்கங்களைக் கோடுகளாக வரைந்து மாணவருக்கு விளக்கினார். நெசவுப் பிரிவிலும் பாடம் நடத்தினார். அப்பிரிவில் பயின்றோர் பெரும்பாலும் பெண்களே. அவரிடம் கற்றவர்களுள் ஒருவரான அன்னி அல்பர்ஸ் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற நெசவுக் கலைஞரானார். க்ளே தம் பாடங்களுக்காக எழுதிய குறிப்புகள் மட்டும் 3000 பக்கங்களுக்கும் அதிகம்.

1921 இல் வரைந்த ‘சிவப்பில் ஃபியூக்’ என்ற ஓவியம் இதற்கு நல்ல உதாரணம். ஃபியூக் என்பது ஐரோப்பிய இசை வடிவமொன்று. ஒரு குரல் ஒரு மெட்டைத் தொடங்கும். அது தொடர்ந்து செல்கையில் இரண்டாவது குரல் அதே மெட்டோடு உள்ளே நுழையும். பிறகு மூன்றாவது. வகுப்பில் ஒருத்தி தொடங்கிய பாட்டை அவள் அடுத்த அடிக்குப் போகும்போது இன்னொருத்தி முதலடியிலிருந்து தொடங்கினால் எப்படியிருக்கும்? கிட்டத்தட்ட அப்படித்தான். க்ளே இதை எப்படி வரைந்தார்? இருண்ட பின்னணியில் சாடி, இலை, வட்டம் போன்ற வடிவங்களை அடுத்தடுத்து மீட்டும் மீட்டும் வைத்தார். ஒவ்வொரு முறையும் நிறம் சற்றே வெளிறுகிறது. கருஞ்சிவப்பு மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாகிறது. பார்க்கும் கண் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்ந்து செல்லாமல் இருக்க முடியாது. இசை காலத்தில் நகர்வது. ஓவியம் ஓரிடத்தில் நிற்பது. நிற்கும் ஒன்றை நகர வைக்கும் வித்தையை க்ளே இசையிடமிருந்தே கற்றுக்கொண்டார்.

1932 இல் வரைந்த ‘அட் பார்னாஸும்’ அவரது பெரும் படைப்பாகக் கருதப்படுகிறது. பெரிய வர்ணச் சதுரங்களின்மேல் ஆயிரக்கணக்கான சிறு புள்ளிகளை இட்டு, அதன்மேல் பிரமிட்டைப் போன்ற ஒரு கூரைக் கோட்டையும் செம்மஞ்சள் சூரியனையும் அமைத்தார். சதுரங்கள் ஒரு குரல், புள்ளிகள் ஒரு குரல், கோடுகள் இன்னொரு குரல் என்று மூன்றும் ஒரே வேளையில் ஒலிப்பது போன்ற ஓவியம் அது.

இத்தனைக்கும் அவர் வயலினைக் கைவிடவே இல்லை. தூரிகையைத் தொடுவதற்கு முன் வயலின் வாசிப்பது அவரது வழக்கமாயிருந்தது. மாலை வேளைகளில் லிலியின் பியானோவோடு சேர்ந்து வாசிப்பார்.

1933 இல் ஹிட்லரின் ஆட்சி வந்தது. க்ளேயின் வீடு சோதனையிடப்பட்டது. அப்போது அவர் கற்பித்துக்கொண்டிருந்த டுசெல்டோர்ஃப் கலைக் கழகப் பதவியும் பறிக்கப்பட்டது. அவ்வருட இறுதியில் மனைவியோடு பேர்னுக்குத் திரும்பினார். 1937 இல் நாஸிகள் நவீன கலையை இழிவுபடுத்துவதற்கென்றே மியூனிக்கில் ஒரு கண்காட்சி நடத்தினர். அதில் க்ளேயின் 17 படைப்புகள் கேலிக்காக வைக்கப்பட்டன. அரச சேகரிப்புகளிலிருந்த அவரது 102 படைப்புகள் பறிமுதல் செய்யப்பட்டன.

இதற்கிடையே 1935 இல் கொடிய நோயொன்று அவரைப் பீடித்தது. தோலை இறுக்கி உடலை மெல்ல மெல்லக் கட்டிப்போடும் நோய் அது. வாழ்நாள் முழுவதும் தோளில் தாங்கிய வயலினை இறக்கி வைக்க நேர்ந்தது. 1936 இல் அவரால் 25 படைப்புகளையே ஆக்க முடிந்தது. கதை இத்துடன் முடிந்தது என்றே எவரும் நினைப்பர். ஆனால் 1939 ஆம் ஆண்டில் மட்டும் 1200 இற்கும் அதிகமான படைப்புகளை அவர் படைத்தார்! நுணுக்கமான கோடுகள் போய்த் தடித்த கறுப்புக் கோடுகள் வந்தன. 1940 இல் வரைந்த ‘முரசறைபவன்’ என்ற ஓவியத்தில் ஓரிரு கறுப்புக் கோடுகளும் ஒரு கண்ணும் சிவப்புத் தீற்றல்களும்தான் உள்ளன. கோடுகளே முரசின் மீது விழும் கோல்களாகத் தெரிகின்றன. வயலின் மௌனித்த பிறகும் அவருக்குள் இசை அடங்கவில்லை.

1940 ஜூன் 29 ஆம் திகதி க்ளே காலமானார். சுவிட்சர்லாந்திலேயே பிறந்திருந்தும், தந்தை வழியில் ஜேர்மனியராகக் கணிக்கப்பட்டதால், அவர் விண்ணப்பித்திருந்த சுவிஸ் குடியுரிமை இறக்கும் வரை கிடைக்கவில்லை. அதே பேர்ன் நகரில் 2005 இல் அவர் பெயரில் பெரும் கலை நிலையமொன்று திறக்கப்பட்டது. சுமார் 4000 படைப்புகளைப் பாதுகாக்கும் அந்நிலையத்துக்குள் இசை நிகழ்ச்சிகளுக்கென ஓர் அரங்கும் இருக்கிறது. க்ளேயை அறிந்து கட்டிய கட்டடம் என்று அதைச் சொல்லலாம்.

உயர்தரத்தில் பாடப்பிரிவைத் தெரிவு செய்யும்போது நம்மில் பலர் மனதுக்குப் பிடித்த ஏதோ ஒன்றை ஓரமாக வைத்துவிட்டே வருகிறோம். விஞ்ஞானப் பிரிவுக்குப் போனவளிடம் ஒரு கவிதைக் கொப்பி இருக்கும். வணிகப் பிரிவுக்குப் போனவளிடம் சித்திரப் பெட்டி இருக்கும். இனி இவற்றால் என்ன பயன் என்று வீட்டிலும் கேட்கலாம். நாமே நம்மைக் கேட்டுக்கொள்ளலாம். க்ளே வயலினை வைத்துப் பெயர் சம்பாதிக்கவில்லை. ஆனால் வயலின் இல்லாமல் அவருடைய ஓவியங்கள் இல்லை. தினமும் கொஞ்ச நேரம் அதற்கென ஒதுக்கினார், அவ்வளவுதான். அந்தக் கொப்பியையும் பெட்டியையும் நாமும் பத்திரமாக வைத்திருப்போம். நாளை நாம் செய்யப்போகும் வேலைக்கு அவை எந்த வழியால் வந்து உதவும் என்பதை இன்றே யாரால் சொல்ல முடியும்?