யோபுவின் கதை கேட்ட நீலகண்ட பிள்ளை

கொல்லங்கோடு என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. ஒன்று நாம் பிழைக்க வந்திருக்கும் பாலக்காடு மாவட்டத்து ஊர். மற்றொன்று குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது. முன்பு திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அந்தச் சீமையில்தான் தேவசகாயம் பிள்ளை பிறந்தார்.

ஊர் நட்டாலம். பிறந்த ஆண்டு 1712. பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். வசதியான குடும்பம். மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அதிகாரி வேலை. மனைவி பார்கவி அம்மாள்.

டச்சு தளபதி

1741-ம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படை தோற்றது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். மன்னர் அவரைக் கொல்லவில்லை. தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். உதயகிரிக் கோட்டை வேலையில் நீலகண்டனும் டிலனாயும் பழகினார்கள்.

அப்போது நீலகண்டனுக்குக் கஷ்ட காலம். ஆடு மாடுகள் மடிந்தன. சொத்து கரைந்தது. மனம் உடைந்து போனவரிடம் டிலனாய், பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். பிள்ளைகளையும் செல்வத்தையும் உடல் நலத்தையும் இழந்தும் கடவுளை விடாதவர் யோபு. அந்தக் கதை நீலகண்டனைப் பிடித்துக் கொண்டது.

1745-ம் ஆண்டு, திருவிதாங்கூர் எல்லைக்கு அப்பால் உள்ள வடக்கன்குளம் சென்று, புத்தாரி என்ற ஏசுசபைப் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயர் தமிழில் தேவசகாயம் ஆனது. மனைவியும் மதம் மாறி ஞானப்பூ ஆனார்.

எருமை மீது ஊர்வலம்

கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. பெரிய கஷ்டம் அதன் பிறகுதான் வந்தது. சாதி பாராமல் எல்லோருடனும் பழகினார். அரண்மனையில் பகை வளர்ந்தது. 1749-ம் ஆண்டு கைது செய்யப்பட்டார். ராஜத்துரோகம் என்றது ஒரு தரப்பு. மதம் மாறியதே காரணம் என்றது மறு தரப்பு. சரித்திர ஆசிரியர்கள் இன்றும் இதில் ஒத்துப்போகவில்லை.

பழைய மதத்துக்குத் திரும்பினால் பதவி திரும்பக் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள். அவர் இசையவில்லை. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மீது பின்புறம் பார்க்க உட்கார வைத்து, ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்த் தூள் தடவினார்கள். பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டி வைத்தார்கள். அங்கும் ஜனங்கள் அவரைத் தேடி வந்தார்கள். புலியூர்குறிச்சியில் தாகத்தால் தவித்தபோது பாறையில் தண்ணீர் சுரந்தது என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்தப் பாறையை இன்றும் காட்டுகிறார்கள்.

இப்படி ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். ஒரு நாள் அடியைத் தாங்கிவிடலாம். மறுநாளும் அடி உண்டு என்று தெரிந்தே படுத்து எழுவதுதான் கடினம்.

1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 39. உடலைக் காட்டில் வீசினார்கள். பிறகு எலும்புகளை எடுத்து கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்தார்கள். 2022-ம் ஆண்டு மே 15-ந் தேதி போப்பாண்டவர் பிரான்சிஸ், வாடிகனில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். பாதிரியாராகவோ துறவியாகவோ இல்லாத இந்தியர் ஒருவர் புனிதர் ஆனது அதுவே முதல் முறை.

டிலனாயின் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. ஞானப்பூ அம்மாளைப் பற்றி அதிகம் பேசுவாரில்லை. கணவர் போன பிறகு அவர் வடக்கன்குளத்துக்குப் போய், அங்கேயே வாழ்ந்து, அங்கேயே அடக்கமானார்.