வன அதிகாரி ஆல்டோ லியோபோல்டு

பிறர் குற்றத்தை எடுத்துரைப்பது எளிது. தம் குற்றத்தைத் தாமே எடுத்துரைப்பது அரிது. அதிலும், பெயர் பெற்ற ஆசிரியர் ஒருவர், தம்மிடம் பயின்ற மாணவரின் சொல்லை ஏற்று, ஊரறியத் தம் பிழையை எழுதிவைப்பது மிகவும் அரிது. அவ்வாறு எழுதிவைத்தவர் அமெரிக்க வன அதிகாரி ஆல்டோ லியோபோல்டு. மாணவர்களாகிய நாம் அவருடைய வரலாற்றை அறிந்துகொள்வது நலம்.

1887 ஜனவரி 11ஆம் நாள், ஐயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள பர்லிங்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் கார்ல், மேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர். வேட்டையில் விருப்பம் மிக்கவர். ஆயினும், சட்டம் தடுக்காத காலத்திலேயே, வசந்த காலத்தில் வாத்துகளைச் சுடுவதில்லை என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டவர். சிறுவன் ஆல்டோ துப்பாக்கி பிடிக்கக் கற்றதும் காட்டை உற்றுநோக்கக் கற்றதும் அவரிடந்தான்.

அக்காலத்தில் அமெரிக்கக் காடுகள் வெகு வேகமாக அழிந்துகொண்டிருந்தன. அவற்றைக் காக்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் கிஃபோர்டு பின்ஷோ. 1864இல் நம் நாட்டின் முதல் வனத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் பிராண்டிஸ் அவருக்கு வழிகாட்டியாய் இருந்தார். பின்ஷோ குடும்பத்தாரின் பொருளுதவியால் 1900இல் யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பள்ளி தோன்றியது. அங்கே பயின்று 1909இல் முதுநிலைப் பட்டம் பெற்ற லியோபோல்டு, அவ்வாண்டே வனத்துறையில் சேர்ந்தார். அரிசோனாவிலுள்ள அப்பாச்சி தேசிய வனத்தில் மரங்களை அளந்து கணக்கெடுக்கும் குழுவுக்குத் தலைவரானார். அப்போது அவருக்கு வயது 22.

அவ்வாண்டு ஒருநாள், உயர்ந்த பாறையின் மேலிருந்து நோக்கிய அவரும் தோழரும், கீழே ஆற்றைக் கடந்துவந்த தாய் ஓநாயையும் அதன் குட்டிகளையும் கண்டனர். உடனே சுட்டனர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும். மான் பெருகினால் வேட்டைக்காரருக்குக் கொண்டாட்டம். அன்றைய அதிகாரிகளின் எண்ணமும் அதுவே. அவருடைய எண்ணமும் அதுவே. இறங்கிச் சென்று, ஓநாயின் கண்களில் ஒளி மங்கி மறைவதை அவர் அருகில் நின்று பார்த்தார். அந்தக் காட்சி நெஞ்சில் தங்கியது. ஆனால் கருத்தை உடனே மாற்றவில்லை.

1912இல் நியூமெக்சிகோவின் கார்சன் வனத்துக்கு மேற்பார்வையாளரானார். எஸ்டெல்லா அம்மையாரை மணந்தார். மறு ஆண்டு, பயணத்தில் புயல் மழையில் நனைந்து, சிறுநீரக நோய்க்கு ஆளாகி, சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். ஓராண்டுக்கு மேல் ஓய்வு தேவைப்பட்டது. பின்னர் வேட்டை விலங்குகளைப் பெருக்கும் பணியில் ஈடுபட்டார். ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் அடியோடு ஒழிக்க வேண்டும் என்று அந்நாளில் அவரே எழுதினார், பேசினார்.

அதே மனிதரின் முயற்சியால், 1924இல் கீலா வனத்தின் 7 லட்சத்துக்கு மேற்பட்ட ஏக்கர் நிலம், சாலையும் கட்டடமும் புகாத இயற்கைப் பகுதியாக ஒதுக்கப்பட்டது. அமெரிக்க வனத்துறையில் அதுவே முதல் முயற்சி.

காலம் அவருக்குப் பாடம் கற்பித்தது. 1920களில் அரிசோனாவின் கைபாப் மேட்டுநிலத்தில் மான்கள் அளவின்றிப் பெருகி, தழைகளைத் தின்று தீர்த்து, பட்டினியால் பெருவாரியாக மடிந்தன. 1935இல் ஜெர்மனிக்குச் சென்றார். அங்கே மரங்கள் வரிசை வரிசையாக நின்றன, மான்களும் மிகுந்திருந்தன, ஆனால் மரங்களின் அடியில் செடிகொடி அரிதாயிருந்தது. அடுத்த ஆண்டு மெக்சிகோ மலைகளுக்குச் சென்றார். அங்கே ஓநாயும் இருந்தது, மானும் இருந்தது, காடும் செழித்திருந்தது. உண்மை அவருக்கு விளங்கியது. ஓநாயைக் கண்டு மான் அஞ்சுவதுபோல், மானைக் கண்டு மலையும் அஞ்சவேண்டியிருக்கிறது!

இதற்குள் அவர் வனத்துறையை விட்டு விலகியிருந்தார். 1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில், வனவிலங்கு மேலாண்மைக்கென முதன்முதலாக ஏற்பட்ட பேராசிரியர் பதவியில் அமர்ந்தார். 1940களில் அம்மாநிலத்தில் மான்கள் மிகுந்து காடு நலிந்தபோது, மான்களின் தொகையைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டார். பொதுமக்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தனர். அவர் பின்வாங்கவில்லை.

அந்நாளில் அவர் எழுதிய இயற்கைக் கட்டுரைகளைப் படித்துக் கருத்துரைத்தவருள் ஒருவர் ஆல்பர்ட் ஹோக்பாம். முன்பு அவரிடம் பயின்றவர். ஓநாய்கள் அழிந்ததற்குப் பிறரைக் குறைகூறும் தாங்களும் அவ்வழிவில் பங்கு கொண்டவரல்லவா, அதை ஏன் எழுதவில்லை என்ற கருத்துப்பட அவர் கடிதம் எழுதினார். ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. 1944இல், 35 ஆண்டுகளுக்கு முன் தாம் சுட்ட ஓநாயைப் பற்றி ஒளிவுமறைவின்றி எழுதினார். அவருடைய எழுத்துகளில் இன்று மிகுதியாகப் படிக்கப்படுவனவற்றுள் அக்கட்டுரையும் ஒன்று.

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1935இல் விஸ்கான்சின் ஆற்றங்கரையில், பயிரிட்டுப் பயிரிட்டுச் சத்திழந்து கைவிடப்பட்ட பண்ணை ஒன்றை வாங்கினார். அங்கு எஞ்சியிருந்த கோழிக்கொட்டகையே வார இறுதி வீடாயிற்று. மனைவியும் ஐந்து மக்களும் உடனுழைத்தனர். முதலில் நட்ட பைன் கன்றுகளில் பெரும்பாலானவை வறட்சியில் கருகின. ஆண்டுதோறும் மீண்டும் நட்டனர். பாழ்நிலம் மெல்லக் காடாயிற்று.

1948 ஏப்ரலில் அவருடைய கட்டுரைத் தொகுதியை வெளியிட ஆக்ஸ்போர்டு பதிப்பகம் இசைந்தது. ஒரு வாரம் சென்றது. ஏப்ரல் 21ஆம் நாள், பக்கத்துப் பண்ணையில் புல் தீப்பற்றியது. அணைக்க ஓடிய லியோபோல்டு மாரடைப்பால் அங்கேயே உயிர் நீத்தார். வயது 61. மகன் லூனா தொகுதியைச் செப்பனிட, 1949இல் நூல் வெளிவந்தது. இன்று பல லட்சம் படிகள் விற்றுவிட்டன.

அவர் ஓநாயைச் சுட்ட அதே அப்பாச்சி வனத்தில், 1998இல் அரசினரே ஓநாய்களை மீண்டும் கொண்டுவந்து விட்டனர். அதைக் காண அவர் இல்லை.

கற்றது தவறென்று தெரிந்தபின் அதை விட்டுவிடுவதும் கல்வியே. ஆசிரியரிடம் அஞ்சாமல் உண்மை சொன்ன மாணவரையும், அதைத் தாழ்வென்று கருதாத ஆசிரியரையும் நாம் ஒருங்கே நினைவில் வைப்போமாக.