காட்டில் வளர்ந்த லிங்கன்

ஆபிரகாம் லிங்கனைப் பற்றிப் பள்ளியில் படிக்காதவர் நம்மில் எவரும் இலர். மரக்கட்டைகளால் கட்டிய சிறு வீட்டில் பிறந்தார். அடுப்பு வெளிச்சத்தில் நூல்களைப் படித்தார். உழைப்பால் உயர்ந்து அமெரிக்காவின் குடியரசுத் தலைவர் ஆனார். நான் அறிந்த லிங்கன் இவ்வளவே. முதுநிலை வகுப்பில் தாவர நஞ்சுகளைப் பற்றிப் படிக்க இந்த வடநாட்டுப் பல்கலைக் கழகத்துக்கு வந்த பிறகுதான் மற்றொரு லிங்கனை அறிந்தேன். அவரை எனக்குக் காட்டியது ஒரு காட்டுச் செடி.

1809 பிப்ரவரி 12இல் கென்டக்கியில் பிறந்த லிங்கன், ஏழு வயதில், 1816 டிசம்பரில், பெற்றோருடனும் தமக்கையுடனும் இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்தார். வானளாவிய மரங்களும் கரடிகளும் நிறைந்த காடு அது. ஆனால் அதை ஆளில்லாக் காடு என்பது பிழை. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலம் அது. அந்தப் போராட்டம் லிங்கன் குடும்பத்திலும் உயிர்ப்பலி கொண்டிருந்தது. 1786இல் லிங்கனின் பாட்டனார் கென்டக்கியில் தம் நிலத்தில் வேலை செய்தபோது, சிறுவனாயிருந்த மகன் தாமஸின் கண்ணெதிரே, பழங்குடியினரால் கொல்லப்பட்டார். அந்தத் தாமஸே லிங்கனின் தந்தை.

புதிய இடத்தில் முதலில் அவர்களுக்குக் கிடைத்தது மூன்று பக்கம் மட்டும் மறைத்த ஒரு கொட்டகை. திறந்த நான்காம் பக்கத்தில் தீ வளர்த்துக் குளிரைப் போக்கினர். பிறகு மரத்தை வெட்டி வீடு எழுப்பினர். கட்டில், மேசை, கலப்பை, தொட்டில் எல்லாம் மரமே. தாமஸ் தச்சுத் தொழில் அறிந்தவர்.

வந்தவுடனே சிறுவன் கையில் கோடரி கொடுக்கப்பட்டது. தமது 23ஆம் ஆண்டு வரையில் அதைப் பெரும்பாலும் கீழே வைத்ததில்லை என்று லிங்கனே பின்னாளில் எழுதியிருக்கிறார். எனக்கும் இப்போது 23 வயது. என் கையில் இருப்பது கண்ணாடிக் குடுவை!

கோடரிக்கு ஓயாத வேலை இருந்தது. மரங்களை வீழ்த்தியும், வீழ்த்த முடியாத பெருமரங்களின் பட்டையை வளையமாக வெட்டிப் பட்டுப்போகச் செய்தும், அக்காலக் குடியானவர்கள் நடுவே சோளம் விதைத்தனர். பிறகு வேலி அமைக்க வேண்டும். நம் ஊரில் மேய்ச்சலுக்குப் போகும் மாட்டுடன் ஒருவர் செல்வார். அங்கோ மாடும் பன்றியும் காட்டில் தாமே திரிந்து மேய்ந்தன. ஆகவே அடைக்கப்பட்டது மாடன்று, வயல். அதற்காக மரத்தில் ஆப்பு வைத்துக் கொட்டாப்புளியால் அடித்து நீளவாக்கில் பிளந்து வேலிக் கட்டைகள் செய்தனர். லிங்கன் பிளந்த கட்டைகளும் இவையே.

அந்த மேய்ச்சலில்தான் எமன் ஒளிந்திருந்தான். 1818இல், இலையுதிர் காலத்தில், அவ்வூரில் ஒரு நோய் பரவியது. முதலில் பசி போகும். பிறகு வாந்தி, தளர்ச்சி, மயக்கம். சில நாள்களில் சாவு. தாயார் நான்சியின் சிற்றன்னையும் அவர் கணவரும் மாண்டனர். அக்டோபர் 5ஆம் நாள் நான்சியும் மறைந்தார். அவருக்கு 34 வயது, மகனுக்கு ஒன்பது. தந்தை அந்தக் காட்டு மரத்திலேயே சவப்பெட்டி செய்தார்.

பாலால் வருகிறது என்று ஊரார் கண்டு, அதைப் பால் நோய் என்றே அழைத்தனர். ஆனால் பாலில் நஞ்சு எப்படி வந்தது? கோடை முடிந்து புல் காய்ந்ததும் பசுக்கள் நிழல் அடர்ந்த காட்டுக்குள் புகுந்தன. அங்கே வெள்ளைப் பூக்கொத்துகளுடன் நின்ற ஒரு செடியைத் தின்றன. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது அச்செடி. அதைத் தின்ற மாடு உடல் நடுங்கி விழும். ஆனால் கறவைப் பசுவிடமிருந்து நஞ்சு பாலின் வழியே வெளியேறிவிடும். ஆகவே பசு நலமாக நிற்கும். பால் குடித்தவர் சாவார்.

மறு ஆண்டு தந்தை மணந்துகொண்ட சாரா என்னும் நல்லாள் அச்சிறுவனை அன்புடன் வளர்த்து, படிக்கவும் ஊக்கினார். அவர் பள்ளி சென்றது மொத்தத்தில் ஓராண்டும் இராது. 1830இல் குடும்பம் இல்லினாய் சென்றது. வழக்கறிஞராகி அரசியலில் வளர்ந்த அவரை 1860இல் வேலிக் கட்டை பிளந்தவர் என்று கூறியே கட்சியினர் மக்கள்முன் நிறுத்தினர். அவ்வாண்டே குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடிமைத்தளையை அறுத்த அவரது பெரும்பணியை நாம் அறிவோம். அவர் செய்த மற்றொரு பணியைப் பலர் அறியார். உள்நாட்டுப் போரின் நடுவில், 1862 மே 15இல், வேளாண்மைத் துறையை நிறுவும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். தாயை எண்ணிக் கையெழுத்திட்டார் என்று நான் கதை கட்ட மாட்டேன். 1865 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்தபோதும், தாயைக் கொன்ற நஞ்சு எதுவென்பதை அறிவியல் கண்டறிந்திருக்கவில்லை.

குடியானவர்களில் சிலர் அச்செடிமேல் நெடுங்காலமாக ஐயம் கொண்டிருந்தனர். எனினும் 1920களின் பிற்பகுதியில்தான் ஜேம்ஸ் கௌச் என்னும் வேதியியலார் அதிலிருந்து ட்ரெமடால் என்ற நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தார். அவர் பணியாற்றியது எங்கே தெரியுமா? லிங்கன் நிறுவிய அதே வேளாண்மைத் துறையில்! நான்சி மறைந்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ட்ரெமடால் ஒரே பொருளன்று, பலவற்றின் கலவை என்பது பின்னர்த் தெரிந்தது. அந்த ஆராய்ச்சி இன்னும் வளர்கிறது.

ஊரில் என் தாய் ஒரு பசு வைத்திருக்கிறார். சென்ற மாதம் தொலைபேசியில், இலையை அரைத்துக் குடுவையில் வடிகட்டுவதற்கா இத்தனை தொலைவு போனாய் என்று கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. அடுத்த விடுமுறையில் ஊர் சென்றதும், தொழுவத்தருகே உட்கார்ந்து நான்சியின் கதையை அவருக்குச் சொல்வேன்.