வெள்ளைக் கோடு வரைந்த மருத்துவர்

சாலையின் நடுவே வரையப்பட்ட கோட்டை நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. எதிரெதிர்த் திசைகளில் விரைந்து வரும் இரண்டு வாகனங்கள் சில அடி இடைவெளியில் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. இரு ஓட்டுநர்களும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும், எதிரே வருபவர் தம் எல்லையைத் தாண்டமாட்டார் என்று இருவரும் நம்புகின்றனர். அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அவர்களுக்கு நடுவே இருப்பது சில அங்குல அகலமுள்ள வண்ணப்பூச்சு மட்டுமே.

கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், பொதுப் பண்டம் என்றால் என்ன என்பதை விளக்க எல்லா ஆசிரியர்களையும்போல நானும் கலங்கரை விளக்கத்தையே எடுத்துக்காட்டி வந்தேன். பின்னர் சாலைக்கோட்டையும் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் பயன்படுத்துவதால் அது மற்றவருக்குக் குறைவதில்லை. கட்டணம் செலுத்தாதவர் என்று எவரையும் அதிலிருந்து விலக்கி வைக்கவும் இயலாது. எல்லோருக்கும் பயன்படும் இத்தகைய பொருளைத் தம் கைப்பணத்தில் செய்து தர எவரும் முன்வருவதில்லை என்பது எங்கள் பாடம். அந்தப் பாடத்துக்கு விதிவிலக்காக வாழ்ந்தவர் டாக்டர் ஜூன் மெக்கரால்.

அவர் பொறியாளர் அல்லர். நெடுஞ்சாலைத் துறையில் பணியாற்றியவரும் அல்லர். 1867 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் லோவில் என்ற ஊரில் பிறந்தவர். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாக இருந்த காலத்தில் சிகாகோவில் மருத்துவம் பயின்றார்.

கணவருக்கு ஏற்பட்ட காசநோய் அவரது வாழ்வின் திசையை மாற்றியது. காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. அந்நோயை எதிர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது 1943-இல்தான். அதற்கு முன்பு வறண்ட காற்றும் வெயிலும் ஓய்வுமே சிகிச்சையாகக் கருதப்பட்டன. எனவே, 1904-இல் அவர் தம் கணவருடன் தெற்கு கலிஃபோர்னியாவின் பாலைநிலத்துக்குக் குடிபெயர்ந்தார்.

அவர்கள் வந்து சேர்ந்த இண்டியோ, சதர்ன் பசிபிக் ரயில் பாதையை நம்பி வளர்ந்த சிற்றூர். கடல்மட்டத்துக்கும் தாழ்வாக அமைந்த கோச்செல்லா பள்ளத்தாக்கில், கோடையில் 45 டிகிரி செல்சியஸையும் தாண்டும் வெப்பத்தில், ரயில்வே தொழிலாளர்களும் விவசாயிகளும் பழங்குடி மக்களும் சிதறி வாழ்ந்தனர். 1907 முதல் 1916 வரை, சால்டன் ஏரிக்கும் பாம் ஸ்பிரிங்ஸ் நகருக்கும் இடைப்பட்ட பெரும் பரப்பில் முறையாக மருத்துவம் பார்த்துவந்த ஒரே மருத்துவர் இவர்தான். ரயில்வே நிறுவனத்துக்கும் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கும் மருத்துவராக இருந்தார். நோயாளி மருத்துவரைத் தேடி வரும் வசதி அங்கு இல்லை. மருத்துவர்தான் நோயாளியைத் தேடிச் செல்ல வேண்டும். தொடக்கத்தில் குதிரை, பின்னர் மோட்டார் கார். ஆக, அவரது மருத்துவத் தொழிலில் பாதி, சாலையில்தான் நடந்தது எனலாம்.

கணவரின் மறைவுக்குப் பிறகு, 1916-இல் ரயில்வே ஊழியரான ஃபிராங்க் மெக்கராலை மணந்தார். வரலாறு அவரை நினைவில் வைத்திருக்கும் பெயர் அப்படி வந்ததுதான்.

அந்த ஆண்டுகளில் அமெரிக்கச் சாலைகள் எப்படி இருந்தன என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி கார் 1908-இல் அறிமுகமானபோது அதன் விலை 850 டாலர். 1916-இல் அது 400 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. விலை பாதிக்கும் கீழே இறங்கியதால் கார் வாங்குவோர் பன்மடங்கு பெருகினர். ஆனால், சாலைகள் குதிரை வண்டிகளின் காலத்தவையாகவே இருந்தன. குதிரை எதிரே வரும் குதிரையைக் கண்டு தானே விலகும். கார் அப்படி விலகாது. எவ்வளவு தொலைவு தன்னுடையது, எங்கிருந்து அடுத்தவருடையது என்று சொல்லும் அடையாளம் எதுவும் தரையில் இல்லை. சாலையோரம் மணலாகவோ பள்ளமாகவோ இருந்ததால், ஓட்டுநர்கள் இயல்பாகவே நடுச்சாலையைப் பிடித்துக்கொண்டு ஓட்டினர்.

1917-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் ஒருநாள், டாக்டர் ஜூன் தம் மாடல் டி காரில் இண்டியோவை நோக்கி வந்துகொண்டிருந்தார். எதிரே ஒரு லாரி நடுச்சாலையை அடைத்துக்கொண்டு வந்தது. மோதலைத் தவிர்க்க அவர் காரை வலப்புற மணலில் இறக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பினார். அன்றைய நாளில் அது அசாதாரணமான நிகழ்ச்சியல்ல. பலருக்கு நேர்ந்திருக்கும், பலரும் லாரி ஓட்டுநரைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பர்.

மருத்துவர் வேறுவிதமாகச் சிந்தித்தார். நோய்க்குறியோடு நிறுத்தாமல் காரணத்தைத் தேடுவது அவரது தொழில்பழக்கம். 8 அடி அகலத்திலிருந்து 16 அடியாக அகலப்படுத்தப்பட்டிருந்த ஒரு சாலையில் சென்றபோது, பழைய பகுதியும் புதிய பகுதியும் சேரும் இடத்தில், நடுவே ஒரு மேடு ஓடுவதைக் கண்டார். அது யாரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனாலும், அந்தச் சாலையில் வாகனங்கள் தத்தம் பக்கத்திலேயே சென்றன. ஓட்டுநர்கள் தீயவர்கள் அல்லர். எல்லை எது என்பது அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதே சிக்கல் என்று அவர் கண்டுகொண்டார். மேடு செய்யும் வேலையை ஒரு கோடு செய்துவிடும் என்று முடிவு செய்தார்.

ரிவர்சைடு கவுண்டியின் நிர்வாகக் குழுவிடம் சென்று தம் யோசனையை எடுத்துரைத்தார். வர்த்தக சபையிடமும் பேசினார். மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள், செய்யவில்லை. விண்ணப்பத்தை எவரும் மறுத்துவிடவில்லை என்பதையும், அது நகரவும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அரசு அலுவலகங்களின் படியேறியவர்கள் எந்த நாட்டிலும் நன்கறிந்த அனுபவம் இது.

அவர் காத்திருக்கவில்லை. வெள்ளை வண்ணமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு, பின்னாளில் 99-ஆம் எண் நெடுஞ்சாலையின் பகுதியான இன்றைய இண்டியோ பூலேவார்டு சாலையின் நடுவே, 4 அங்குல அகலத்தில் தம் கையாலேயே கோடு வரைந்தார். அப்போது அவருக்கு வயது 50.

இங்கே ஒரு செய்தியை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சாலையில் நடுக்கோடு வரையும் எண்ணம் முதன்முதலில் தோன்றியது அவருக்கல்ல. மிச்சிகன் மாநிலத்தின் வெய்ன் கவுண்டி சாலை ஆணையத்தைச் சேர்ந்த எட்வர்டு ஹைன்ஸ், அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பே, 1911-இல், டிரென்டன் நகரின் ரிவர் சாலையில் நடுக்கோடு வரையச் செய்திருந்தார். பால் வண்டியிலிருந்து ஒழுகிய பால், சாலையில் வெள்ளைக் கோடாக ஓடியதைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் உதித்ததாகக் கூறப்படுகிறது. ஆரிகன் மாநிலத்தில் பீட்டர் ரெக்ஸ்ஃபோர்டு என்ற காவல் அதிகாரியும் அதே 1917-இல் கொலம்பியா ஆற்றோர நெடுஞ்சாலையில் மஞ்சள் கோட்டுக்கு வழிசெய்தார். யார் முதல்வர் என்ற போட்டி அமெரிக்க மாநிலங்களிடையே நெடுங்காலம் நடந்தது.

என் பார்வையில், அந்தப் போட்டி டாக்டர் ஜூனின் பெருமையைச் சிறிதும் குறைக்கவில்லை. ஏனெனில், அவரது சாதனை அந்தக் கோட்டில் இல்லை; அதற்குப் பின் வந்த 7 ஆண்டுகளில் இருக்கிறது.

ஓர் ஊரில் மட்டும் வரையப்பட்ட கோடு ஓர் ஊருக்கு மட்டுமே பயன்படும். வெளியூரிலிருந்து வரும் ஓட்டுநருக்கு அதன் பொருள் தெரியாது. எல்லாச் சாலைகளிலும் இருந்து, எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரும்போதுதான் அது பாதுகாப்பாக மாறும். மொழியும் நாணயமும் அளவைகளும் இப்படிப்பட்டவையே. ஒருவர் மட்டும் பயன்படுத்தும் நாணயத்துக்கு மதிப்பில்லை. ஆகவே, கோடு வரைவதற்குத் தூரிகை போதும். அதைப் பொதுவிதியாக்குவதற்கு அரசு வேண்டும். இதைப் புரிந்துகொண்டதால்தான், தம் வீதியில் கோடு வரைந்து முடித்த நிறைவோடு அவர் ஓய்ந்துவிடவில்லை.

இண்டியோ மகளிர் மன்றத்தில் இந்தக் கோரிக்கையை எடுத்துச் சென்றார். அங்கிருந்து மாநிலம் முழுவதுமுள்ள மகளிர் மன்றங்களின் கூட்டமைப்புக்கு அது சென்றது. கலிஃபோர்னியாவில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1911-இல். நாடு முழுவதும் அது கிடைத்தது 1920-இல். புதிதாக வாக்குரிமை பெற்ற பெண்களின் அமைப்புகள், சாலை நடுக்கோட்டை ஒரு பொதுக் கோரிக்கையாக ஏற்று, கடிதங்களும் தீர்மானங்களும் தொடர்ந்து அனுப்பின. ஒரு மருத்துவரின் விண்ணப்பத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். மாநிலம் முழுவதிலிருந்தும் ஆண்டுக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும் விண்ணப்பத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது.

1924 நவம்பரில் கலிஃபோர்னியா நெடுஞ்சாலை ஆணையம் அக்கோரிக்கையை ஏற்றது. 3,500 மைல் நீளத்துக்கு நடுக்கோடுகள் வரையப்பட்டன. அதற்கான செலவு சுமார் 1,63,000 டாலர். வகுத்துப் பார்த்தால், ஒரு மைலுக்கு 47 டாலருக்கும் குறைவு. இத்தனை சிறிய செலவில் இத்தனை உயிர்களைக் காக்கும் அரசுத் திட்டங்கள் அரிது. அப்படியானால், அதற்கு ஏன் 7 ஆண்டுகள் ஆயின? தடையாக இருந்தது பணம் அன்று; இது நம் பொறுப்பு என்று ஏற்றுக்கொள்ள ஓர் அலுவலகம் இல்லாததே.

விதி ஒன்றானால்தான் கோடு பேசும் என்ற பாடத்தை அமெரிக்கா மெல்ல மெல்லக் கற்றது. சாலைக் குறியீடுகளுக்கான தேசியக் கையேடு முதன்முதலில் 1935-இல் வெளியானது. எதிரெதிர்ப் போக்குவரத்தைப் பிரிப்பது மஞ்சள் கோடு, ஒரே திசையில் செல்வோரின் தடங்களைப் பிரிப்பது வெள்ளைக் கோடு என்று நாடு முழுவதற்கும் உறுதியானது 1971-இல்தான். டாக்டர் ஜூன் வெள்ளையில் வரைந்தது இன்று அங்கே மஞ்சளாகிவிட்டது. நிறம் மாறலாம், நிறத்தின் பொருள் ஊருக்கு ஊர் மாறக்கூடாது.

அவரது வாழ்விலிருந்து கற்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. லாரி எதிரே வந்தபோது அவரைக் காத்தது கோடு அன்று. அப்போது கோடே இல்லை. சாலையோரத்தில் இருந்த மணற்பரப்புதான் அவருக்கு ஒதுங்க இடம் தந்தது. நடுக்கோடு, ஓடும் வாகனத்தை ஓடும் வாகனத்திடமிருந்து பிரிக்கிறது. சாலையோர ஒதுங்குமிடமோ, நிற்கும் வாகனத்தை ஓடும் வாகனத்திடமிருந்து பிரிக்கிறது. பழுதான வண்டிக்கும், கண்ணயரும் ஓட்டுநருக்கும், தாயின் மடியில் அழும் குழந்தைக்கும் நின்றுகொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லையெனில் அவர்கள் தடத்திலேயே நிற்பர். இருளில் பின்னால் வருபவருக்கு அது எமனாக முடியும். மிச்சிகனின் அயர்ன் கவுண்டியில் 1919-லேயே சாலையோரப் பூங்கா ஒன்று அமைக்கப்பட்டது. நகர்வதற்கு மட்டுமன்றி நிற்பதற்கும் சாலையில் இடம் ஒதுக்க வேண்டும் என்ற சிந்தனை, நடுக்கோட்டின் சமகாலத்தது என்பதை இது காட்டுகிறது.

டாக்டர் ஜூன் மெக்கரால் 1954 மார்ச் 30 அன்று, தம் 86-ஆம் வயதில் காலமானார். மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின், 2002-இல், இண்டியோ அருகே செல்லும் 10-ஆம் எண் மாநிலங்களிடை நெடுஞ்சாலையின் ஒரு பகுதிக்குக் கலிஃபோர்னியா அவரது பெயரைச் சூட்டியது. அந்த வழியே செல்வோரில் பெரும்பாலோர் பெயர்ப்பலகையைப் படிக்கக்கூட நேரமின்றிக் கடந்து செல்வர். அவர் விரும்பியிருக்கக்கூடியதும் அதுவே. யாரும் நினைத்துப் பார்க்கத் தேவையின்றி எல்லோரையும் வீடு சேர்ப்பதுதானே நல்ல சாலையின் இலக்கணம்!

நல்ல யோசனைகளுக்கு உலகில் எப்போதும் பஞ்சம் இருந்ததில்லை. அவற்றைத் தாங்கிப் பிடித்து, அலுவலகம் அலுவலகமாக, ஆண்டு ஆண்டாகச் சுமந்து செல்லும் குடிமக்களுக்குத்தான் பஞ்சம். நம் விண்ணப்பத்துக்கு முதல்முறை பதில் வராதபோது, நம்மில் பெரும்பாலோர் அரசைக் குறைகூறிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். பாலைநிலத்து மருத்துவர் திரும்பவில்லை. தம் கையால் முடிந்ததைத் தாமே செய்தார். தம் கையால் முடியாததைச் செய்யும்வரை அரசை விடவும் இல்லை. குடிமையின் முழு இலக்கணம் இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).