அஞ்சலில் இயற்கைப் பாடம் நடத்திய அம்மையார்

ஆசிரியர் ஓரிடத்திலும் மாணவர் வேறோரிடத்திலும் இருக்க, தபால் மூலம் நடைபெறும் படிப்பை அஞ்சல்வழிக் கல்வி என்கிறோம். வரலாற்றையும் இலக்கணத்தையும் அவ்வாறு கற்பித்துவிடலாம். ஆனால் வரிசையாகச் செல்லும் எறும்பையும், தோலைப் பிளந்துகொண்டு எழும் முளையையும், மழையில் நனைந்து நிற்கும் கோழியையும் உறைக்குள் வைத்து அனுப்ப முடியுமா? அதற்கும் ஒரு வழி உண்டு என்று நூறாண்டுகளுக்கும் முன்பே செய்து காட்டியவர் அன்னா பாட்ஸ்போர்டு காம்ஸ்டாக் அம்மையார்.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஓட்டோ என்னும் சிற்றூரில் 1854ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. தாயார் குவேக்கர் சபையைச் சார்ந்தவர்; பெரிய படிப்பாளி அல்லர். எனினும் வயல்வெளியில் பூத்த காட்டுப் பூக்களின் பெயர்களையும் இரவு வானத்து விண்மீன் கூட்டங்களின் பெயர்களையும் மகளுக்குச் சொல்லித் தந்தவர் அவரே. அன்னாவின் முதல் அறிவியல் வகுப்பு அதுதான்.

1874இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்னா, படிப்பை முடிக்காமலே வெளியேறினார். அங்கு விலங்கியல் கற்பித்த ஜான் ஹென்றி காம்ஸ்டாக் என்னும் பூச்சியியல் அறிஞரை 1878இல் மணந்தார். இல்லறத்தோடு படிப்பு நின்றுவிடவில்லை. மீண்டும் கல்லூரிக்குச் சென்று, திருமணமாகி ஏழாண்டுகளுக்குப் பின், 1885இல் பட்டம் பெற்றார்.

கணவரின் நூல்களுக்குப் பூச்சிகளின் படங்கள் தேவைப்பட்டன. அக்காலத்தில் படத்தை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சிடுவார்கள். அன்னா நியூயார்க் நகருக்குச் சென்று அக்கலையை முறையாகக் கற்றார். 1895இல் வெளிவந்த பூச்சியியல் நூலில் அவர் செதுக்கிய படங்கள் இடம்பெற்றன. ஒரு வண்ணத்துப்பூச்சியின் இறகு நரம்பையும் உணர்கொம்பையும் கடினமான மரத்தில் மயிரிழை பிசகாமல் செதுக்குவதென்றால், அதை எத்தனை முறை உற்றுப் பார்த்திருக்க வேண்டும்! பின்னாளில் பிள்ளைகளைப் பார்க்கப் பழக்கிய கண், முதலில் இந்த உளியின் நுனியில்தான் பழகியது என்று கருதுகிறேன்.

1891 முதல் 1893 வரை நியூயார்க் மாநிலத்தில் வேளாண்மை பெரும் நலிவுற்றது. பிழைக்க வழியின்றிக் கிராமத்து மக்கள் நகரங்களுக்குச் சென்று, பிறர் உதவியை எதிர்பார்க்கும் நிலைக்கு ஆளாயினர். நாட்டுப்புறப் பிள்ளைகளுக்குத் தங்கள் மண்மீது பற்று வளர வேண்டுமானால், பள்ளியிலேயே இயற்கையைக் கற்பிக்க வேண்டும் என்று சான்றோர் சிலர் எண்ணினர். மாநில அரசு பணம் ஒதுக்க, பொறுப்பு கார்னெல் பல்கலைக்கழகத்திடம் வந்தது. லிபர்ட்டி ஹைடு பெய்லி என்னும் தாவரவியல் அறிஞர் தலைமை ஏற்றார். காம்ஸ்டாக் அம்மையாரும் அதில் சேர்ந்தார்.

வேலை எளிதன்று. கிராமப் பள்ளிகளில் பெரும்பாலானவை ஓரறைப் பள்ளிகள். எல்லா வகுப்பும் அந்த ஓர் அறையில்தான், ஆசிரியையும் ஒருவரே. அவருக்கோ பூச்சியியலும் தெரியாது, தாவரவியலும் தெரியாது. இத்தகைய பள்ளிகளுக்கு 1896 முதல் சிற்றேடுகள் தபாலில் செல்லத் தொடங்கின. முதல் ஏடு ஒரு பூசணி விதை எவ்வாறு முளைத்து வெளிவருகிறது என்பதைப் பற்றியது. விதை எந்தப் பண்ணை வீட்டில்தான் இல்லை? பாடத்துக்கு வேண்டிய பொருளை அனுப்ப வேண்டியதே இல்லை. அது அந்தந்த வீட்டு வாசலிலேயே கிடந்தது. எதைப் பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அனுப்பினால் போதும்.

பிள்ளைகளுக்காக இளம் இயற்கையறிஞர் மன்றங்கள் அமைந்தன. அவற்றைத் தோற்றுவித்தவர் ஜான் ஸ்பென்சர் என்னும் விவசாயி. பிள்ளைகளுக்கு அவர் ஜான் மாமா. மன்றத்துக்குச் சந்தா உண்டு, ஆனால் காசு இல்லை! தாம் கண்ணால் கண்டதை ஜான் மாமாவுக்குக் கடிதமாக எழுத வேண்டும், அதுவே சந்தா. தொடர்ந்து ஊக்கத்தோடு எழுதியவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லையும் சான்றிதழும் கிடைத்தன. சில ஆண்டுகளில் 30,000 பிள்ளைகள் வரை இவ்வாறு பல்கலைக்கழகத்தோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர். பள்ளி ஆண்டுவிழாவுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தே மலைத்துப்போகும் நமக்கு, அந்தத் தபால் மூட்டைகளைக் கற்பனை செய்வதே கடினம்!

ஆசிரியர்களுக்கென வீட்டிலிருந்தே பயிலும் இயற்கைக் கல்விப் பாடங்களும் நடந்தன. பின்னர் அவற்றை எழுதும் பொறுப்பைக் காம்ஸ்டாக் அம்மையார் ஏற்றார். அவருடைய முறை தனித்தன்மை உடையது. செய்தியைச் சுருக்கமாகச் சொல்வார். பிறகு கேள்விகளாக அடுக்குவார். ஆனால் விடையைப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. மழை பெய்யும்போது கோழி தன் இறகுகளை எப்படி வைத்துக்கொள்கிறது என்று கேட்டால், மழை நாளில் கோழியைப் போய்ப் பார்த்துத்தான் ஆகவேண்டும். பிள்ளை கேட்பது ஆசிரியருக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்று தயங்காமல் ஒப்புக்கொண்டு, இருவரும் சேர்ந்து தேட வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. வகுப்பில் தெரியாது என்று சொல்ல அஞ்சிய எத்தனையோ இளம் ஆசிரியைகளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். கடினமான பெயர்களை மனப்பாடம் செய்யவைத்து இந்தப் பாடத்தைக் கெடுப்பதை அவர் சிறிதும் விரும்பவில்லை.

1898இல் கார்னெல் அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது. அப்பல்கலைக்கழகத்தில் அப்பதவி பெற்ற முதல் பெண் அவரே. ஆனால் ஒரு பெண்ணுக்குப் பேராசிரியர் பட்டமா என்று நிர்வாகக் குழுவினரில் சிலர் மறுப்புக் கூறினர். விரைவிலேயே அப்பட்டம் பறிக்கப்பட்டு, அவர் விரிவுரையாளர் ஆக்கப்பட்டார். வேலை குறையவில்லை, பெயர்தான் குறைந்தது. அம்மையார் பாடம் எழுதுவதையும், ஊர் ஊராகச் சென்று ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதையும் நிறுத்தவில்லை. அதே உதவிப் பேராசிரியர் பதவி 1913இல்தான் திரும்பக் கிடைத்தது. முழுப் பேராசிரியர் ஆனது 1920இல், தம் அறுபத்தைந்தாம் வயதில்! ஆண் ஒருவருக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமா என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கிடையில் தபாலில் சென்ற பாடங்களைத் திருத்தி, புதியனவும் சேர்த்து, ஏறத்தாழ 900 பக்கங்கள் கொண்ட கையேடாக 1911இல் வெளியிட்டார். இவ்வளவு பெரிய நூல் விற்காது, நட்டம்தான் வரும் என்று கணவரே எண்ணினார். இருப்பினும் குடும்பத்தாரின் பதிப்பகமே துணிந்து அதை அச்சிட்டது. அந்நூல் இருபதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. எட்டு மொழிகளில் பெயர்க்கப்பட்டது. அந்தப் பதிப்பகத்தின் நூல்களில் அதிகம் விற்றவற்றுள் அதுவும் ஒன்றானது!

1922இல் ஓய்வு பெற்றார். ஆயினும் கோடைக்கால வகுப்புகளை விடவில்லை. 1923இல் மகளிர் வாக்காளர் சங்கம் அமெரிக்காவில் வாழும் தலைசிறந்த பெண்மணிகள் பன்னிருவரைத் தேர்ந்தெடுத்தபோது, அவர் பெயரும் அதில் இருந்தது. 1926இல் கணவர் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். அவரைக் கவனித்துக்கொண்டே இறுதிவரை உழைத்த அம்மையார், 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் இதாகாவில் காலமானார். அடுத்த ஆண்டில் கணவரும் மறைந்தார். அவர்கள் நடத்திய பதிப்பகம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

அந்தக் கையேடு இன்றும் அச்சில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோர் பலர் அதை வாங்கிப் பயன்படுத்துகின்றனர். அதில் பறவைகள் பகுதியைத் திறந்தால் முதலில் வருவது மயிலும் அன்று, கழுகும் அன்று. பண்ணை வீட்டு முற்றத்தில் மேயும் கோழிதான்.